குழந்தைக்கு ஞானஸ்நானம்: பெற்றோரும் ஞானப்பெற்றோரும் தயாராவது எப்படி?

குழந்தைக்கு ஞானஸ்நானம் வைக்கலாம் என்று வீட்டில் பேச்சு எடுத்ததுமே மண்டபம், பிரியாணி, போட்டோகிராபர், தாய்மாமன் போடப்போகும் செயின் எத்தனை பவுன் என்று பேச்சு எங்கேயோ ஓடிவிடுகிறது. கோயிலுக்குள் நடக்கப்போவதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை, அதை ஃபாதர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அன்றைக்கு அதிகம் பேச வேண்டியவர்கள் நீங்கள்தான். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா, கடவுளை விசுவசிக்கிறீர்களா என்று குரு கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியது அப்பா, அம்மா, ஞானத்தந்தை, ஞானத்தாய் ஆகியோர். அதுவும் குழந்தையின் சார்பில் சொல்லும் பதில் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இப்போதுள்ள சடங்கில் அப்படி இல்லை, உங்கள் சொந்த விசுவாசத்தைத்தான் அறிக்கையிடச் சொல்கிறார்கள். உங்கள் விசுவாசத்தை நம்பித்தான் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றப்படுகிறது. ஆகவே தயாரிப்பு என்பது முதலில் அந்தப் பதில்களுக்கான தயாரிப்பு, மற்றதெல்லாம் அப்புறம்.

எங்கள் கத்தோலிக்கப் பங்கில், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த விசுவாசிகளின் சமூகத்தில், பெற்றோருக்கான தயாரிப்பு வகுப்புக்கு உதவி செய்கிறவன் என்ற முறையில், அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை வைத்து இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு இலத்தீன் வழிபாட்டுமுறைப் பங்குகள்தான் மனதில் இருக்கின்றன. கிழக்கு வழிபாட்டுமுறையைச் சேர்ந்த சீரோ மலபார், மலங்கரைக் குடும்பங்கள் தங்கள் பங்கில் கேட்டுக்கொள்ளுங்கள், அங்கே ஞானஸ்நானத்தோடு, தைலம் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் உறுதிப்பூசுதலும் சேர்ந்தே நடக்கும்.

எப்போது, எங்கே

பிறந்த சில வாரங்களுக்குள் கொடுக்கப் பாருங்கள் என்கிறது 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு. நம் வீடுகளில் நாற்பது கழியட்டும் என்று தொடங்கி, துபாயில் இருக்கும் மாமாவுக்கு லீவு கிடைக்கட்டும், அண்ணன் வீட்டுக் கல்யாணத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வருடம் ஓடிப்போகும். மாமாவுக்காகக் காத்திருக்காதீர்கள். நடைமுறையிலும் இரண்டு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு சடங்கை முடிப்பது சுலபம், பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும். பதினொரு மாதக் குழந்தை ஃபாதரின் கண்ணாடியைப் பிடுங்கும், திரியைப் பிடிக்கப் பாயும், தண்ணீர் பட்டதும் கோயில் அதிர அழும். அழுதால் ஒன்றும் குறைந்துவிடாது, அது வேறு விஷயம்.

கிழமை என்று பார்த்தால் ஞாயிறுதான் பொருத்தம், ஏனென்றால் அது ஆண்டவர் உயிர்த்த நாள். ஈஸ்டருக்கு முந்தின இரவில் நடக்கும் பாஸ்கா திருவிழிப்பு அதைவிடப் பொருத்தம், அந்த இரவு வழிபாடே ஞானஸ்நானத்தைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது. தவக்காலத்தில் பல பங்குகளில் வைப்பதில்லை. சட்டப்படி தடை எதுவும் கிடையாது, ஆனால் பங்கின் வழக்கத்தை மதித்து முன்கூட்டியே தேதி கேட்டுவிடுங்கள். நல்ல நேரம், ராகுகாலம் பார்த்துக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். சாத்தானையும் அவனுடைய மாயக் கவர்ச்சிகளையும் விட்டுவிடுகிறேன் என்று சொல்வதற்கு ராகுகாலம் பார்த்து வந்து நிற்பது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இடம் உங்கள் சொந்தப் பங்குக் கோயில்தான். வீட்டிலோ மண்டபத்திலோ வைக்க முடியாது. நம் ஊரில் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் அம்மாவின் பங்கிலேயே ஞானஸ்நானத்தையும் முடித்துவிடுகிற வழக்கம் உண்டு. அது தவறில்லை, ஆனால் இப்போது நீங்கள் குடியிருக்கும் பங்கின் குருவிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் கேட்பார்கள். வேளாங்கண்ணியிலோ பூண்டியிலோ வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டவர்களுக்கும் இதே கதைதான்: முதலில் உங்கள் பங்குத்தந்தையிடம் பேசிக் கடிதம் வாங்குங்கள், அப்புறம் அந்தத் திருத்தலத்தில் விசாரியுங்கள். நேரே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிடாதீர்கள்.

பங்கு அலுவலகத்துக்குப் போகும்போது குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் கோயில் திருமணச் சான்றிதழ், பங்கின் குடும்ப அட்டை, ஞானப்பெற்றோர் வேறு பங்கென்றால் அவர்கள் பங்கிலிருந்து ஒரு கடிதம், இவ்வளவையும் எடுத்துப்போனால் பெரும்பாலும் ஒரே நடையில் வேலை முடியும். சந்தா பாக்கி இருந்தால் அதையும் ஞாபகப்படுத்துவார்கள். இருந்தால் கட்டிவிடுங்கள். ஆனால் பணம் இல்லை என்பதற்காக ஒருவருக்கு ஞானஸ்நானம் போன்ற திருவருட்சாதனம் கிடைக்காமல் போகக் கூடாது என்று அதே சட்டத் தொகுப்பு சொல்கிறது. கையில் இல்லாதவர்கள் ஃபாதரிடம் நேரில் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கோயில் திருமணம் ஆகாதவர்கள், ரிஜிஸ்டர் மேரேஜ் மட்டும் செய்தவர்கள், கணவனோ மனைவியோ இந்து என்பவர்கள், குழந்தைக்குக் கொடுக்கமாட்டார்கள் என்று பயந்து வராமலே இருந்துவிடுகிறார்கள். தயவுசெய்து வாருங்கள். பெற்றோரில் ஒருவர் சம்மதித்தாலே போதும், கூடவே குழந்தை கத்தோலிக்க விசுவாசத்தில் வளரும் என்று நம்ப இடம் இருக்க வேண்டும். சட்டம் கேட்பது இந்த இரண்டைத்தான். 2014 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் சிஸ்டைன் சிற்றாலயத்தில் ஞானஸ்நானம் கொடுத்த குழந்தைகளில் ஒன்றின் பெற்றோர் கோயிலில் திருமணம் செய்திருக்கவில்லை. உங்கள் திருமணத்தைச் சரிசெய்வது பற்றி ஃபாதர் பேசுவார், அதையும் காது கொடுத்துக் கேளுங்கள். ஆனால் அதற்கும் குழந்தைக்கும் முடிச்சுப்போட்டு நீங்களே பின்வாங்கிவிடாதீர்கள்.

பெயர்

முன்பு புனிதர் பெயர் இல்லாமல் நடக்காது. 1917-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி பெற்றோர் வேறு பெயர் வைத்தாலும் குரு ஒரு புனிதர் பெயரையும் சேர்த்துவிட வேண்டும். இன்றைய சட்டம் கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயராக இருக்கக் கூடாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஆகவே கயல்விழி, இனியன் என்று தாராளமாக வைக்கலாம். தமிழ்ப் பெயர் வைத்தால் கிறிஸ்தவப் பெயர் ஆகாது என்று வாதாடும் பெரியவர்களிடம் தேவசகாயத்தைச் சொல்லுங்கள். திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவல் பார்த்த நீலகண்டன் 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது லாசர் என்ற பெயரைத் தமிழில்தான் ஏற்றார், 2022-ல் புனிதராக உயர்த்தப்பட்டதும் அதே தேவசகாயம் என்ற பெயரில்தான். அவர் மனைவி ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர் ஞானப்பூ.

ஆனால் புனிதர் பெயர் ஒன்று இருப்பதில் லாபமும் இருக்கிறது, குழந்தைக்குக் கொண்டாட ஒரு திருநாளும் மன்றாட ஒரு ஆளும் கிடைக்கிறார்கள். அழைக்கும் பெயரும் புனிதர் பெயரும் சேர்ந்து வருகிற மாதிரி வைப்பது நல்ல வழி. ஒரே ஒரு எச்சரிக்கை: பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், கோயில் பதிவேட்டில் இன்னொரு பெயர் என்று ஆக்கிவிடாதீர்கள். இருபத்தைந்து வருடம் கழித்துத் கோயிலில் திருமண ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கும் நேரத்தில் இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலையும் பிள்ளைகளை அலுவலக வாசலில் அடிக்கடி பார்க்கலாம். முதலில் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏற்றுங்கள், அதே எழுத்துகளில் கோயிலில் கொடுங்கள்.

ஞானப்பெற்றோர்

வீட்டுச் சண்டை ஆரம்பிக்கும் இடம் இதுதான். தாய்மாமனைக் கேட்காமல் சித்தப்பாவைப் போட்டுவிட்டார்கள் என்று பத்து வருடம் பேசாமல் இருக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. திருச்சபை கேட்பது இவ்வளவுதான்: ஒருவர் போதும், இருவர் என்றால் ஓர் ஆண், ஒரு பெண். பதினாறு வயது முடிந்திருக்க வேண்டும். கத்தோலிக்கராக, புதுநன்மையும் (முதல் நற்கருணை) உறுதிப்பூசுதலும் பெற்றவராக, விசுவாசத்துக்கு ஏற்ற வாழ்க்கை வாழ்பவராக இருக்க வேண்டும். குழந்தையின் அப்பாவோ அம்மாவோ ஆகக் கூடாது. சிஎஸ்ஐ, லூத்தரன் போன்ற புராட்டஸ்டன்ட் சபை உறவினர் ஒருவரை மிகவும் விரும்பினால் ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோருடன் அவர் சாட்சியாக நிற்கலாம். இந்து நண்பர் ஞானத்தந்தை ஆக முடியாது, ஆனால் பக்கத்தில் நிற்க யாரும் தடுக்கப்போவதில்லை. வெளிநாட்டில் இருப்பவர்தான் வேண்டும் என்றால் அவர் இடத்தில் வேறொருவர் நிற்கலாமா என்று முன்பே கேளுங்கள். வீடியோ கால் ஆகாது.

என்னைக் கேட்டால், செயின் போட வசதி உள்ளவரைத் தேடாதீர்கள். உங்கள் பிள்ளை பதினாறு வயதில் கோயிலுக்கு வரமாட்டேன் என்று நிற்கும்போது, நீங்கள் சொல்லிக் கேட்காததை யார் சொன்னால் கேட்பான் என்று யோசியுங்கள். அந்த ஆள்தான் உங்களுக்குத் தேவை. அவர் அதே ஊரில் அல்லது வருடத்துக்கு நான்கு தடவையாவது பார்க்கிற தூரத்தில் இருந்தால் இன்னும் நல்லது. கேட்பதையும் ஒழுங்காகக் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் அழைப்பிதழை அனுப்பி அதில் தன் பெயர் அச்சாகியிருப்பதைப் பார்த்து ஞானத்தந்தை தெரிந்துகொள்ளும்படி வைக்காதீர்கள்.

ஞானத்தாயாக, ஞானத்தந்தையாகக் கேட்கப்பட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: ஞானஸ்நானத்துக்கு முன் குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு, பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வாருங்கள். அன்று திருப்பலியோடு நடந்தால் நன்மை வாங்க வேண்டியிருக்கும், அது இல்லாவிட்டாலும் சாத்தானை விட்டுவிடுகிறேன் என்று எல்லார் முன்னும் சொல்லப்போகிறவர் நீங்கள்.

சடங்கு, வாசலிலிருந்து

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் வழிபாடு பற்றிய ஏட்டில், குழந்தை ஞானஸ்நானச் சடங்கைத் திருத்த வேண்டும், பெற்றோரின் பங்கு அதில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சொன்னது. அதன்படி 1969-ல் வந்த சடங்குதான் இன்று நடப்பது. அதற்கு முன் பிறந்த ஓரிரு நாளிலேயே குழந்தையைத் தூக்கிப் போய்விடுவார்கள், பெற்ற தாய் வீட்டில் படுத்திருப்பாள். இன்று தாய்தான் குழந்தையை ஏந்தி முன்னால் நிற்கிறாள்.

சடங்கு வாசலில் ஆரம்பிக்கிறது. குழந்தைக்கு என்ன பெயர், திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள் என்று குரு கேட்பார். திருமுழுக்கு (ஞானஸ்நானத்துக்கு இன்னொரு பெயர்) என்று சத்தமாகச் சொல்லுங்கள், பல பெற்றோர் இந்த இடத்தில் போட்டோகிராபரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உடனே அடுத்த கேள்வி: பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கும் கடமையை ஏற்கிறீர்கள், அது உங்களுக்குத் தெரிந்துதானே? இந்தக் கேள்விக்கு ஆமாம் சொல்வது கல்யாணத்தில் சம்மதம் சொல்வதற்குக் குறைந்ததில்லை. பிறகு குரு குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைவார், அடுத்து அப்பா அம்மா, அடுத்து ஞானப்பெற்றோர். அதனால்தான் சொல்கிறேன், அன்றைக்கு ஒருநாள் நெற்றியில் பெரிய மைப்பொட்டு வைக்காதீர்கள். பொட்டு இருந்தால் முதல் சிலுவையிலேயே இழுபடும், தண்ணீர் ஊற்றியதும் கண்ணுக்குள் வழியும், குழந்தை எரிச்சலில் அழும். திருஷ்டிக்குத்தான் பொட்டு என்றால், அதே நெற்றியில் சிலுவை வரையப் போகிறார்கள்.

அப்புறம் இறைவாக்கு வாசகம், புனிதர்களின் மன்றாட்டுமாலை. குழந்தையின் பெயருக்குரிய புனிதரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். அடுத்து வரும் செபம் தீய ஆவியின் பிடியிலிருந்து விடுவிக்கக் கேட்பது. பேயோட்டுகிறார்களா என்று சிலர் மிரளுவார்கள், அப்படி ஒன்றும் இல்லை. ஜென்மப்பாவத்திலிருந்து இந்தப் பிள்ளையை விடுவியும், உம் ஆலயமாக்கும் என்று கேட்கும் சிறு மன்றாட்டு அது. உடனே நெஞ்சில் ஆயத்த எண்ணெய் பூசுவார்கள். உடை வாங்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும். கழுத்து வரை மூடி, முதுகில் பதினெட்டு பித்தான் வைத்த கவுனை மாட்டிவிட்டு, எண்ணெய் பூசும் நேரத்தில் அம்மா ஒருபக்கம், ஞானத்தாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டு நிற்பதும் குரு கட்டைவிரலில் எண்ணெயோடு காத்திருப்பதும் வாராவாரம் நடக்கிற காட்சி. முன்பக்கம் திறக்கிற, கழுத்து அகன்ற பருத்திச் சட்டை போதும்.

பிறகு ஞானஸ்நானத் தொட்டியருகே. தண்ணீரை ஆசீர்வதிக்கும் செபத்தைக் கவனித்துக் கேளுங்கள், ஞானஸ்நானத்தின் பொருள் முழுக்க அதில்தான் இருக்கிறது. படைப்பின் தொடக்கத்தில் தண்ணீர்மேல் அசைந்த ஆவி, நோவா காலத்து வெள்ளம், செங்கடல் கடந்தது, யோர்தான், சிலுவையில் விலாவிலிருந்து வழிந்த நீர், எல்லாம் வரிசையாக வரும். தண்ணீர் என்றால் நமக்கு அழுக்குப் போவது மட்டும்தான் ஞாபகம் வருகிறது, ஆனால் இங்கே தண்ணீர் ஆளையே மூழ்கடிக்கிற தண்ணீரும்தான். வெள்ளமும் செங்கடலும் அப்படித்தானே. புனித பவுல் உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் 6-ம் அதிகாரத்தில் ஞானஸ்நானம் பெற்ற நாம் கிறிஸ்துவோடு சாவுக்குள் அடக்கம் செய்யப்பட்டோம் என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்கிறார். புதைத்து எழுப்புகிற காரியம் அது. பழைய கோயில்களில் தொட்டி எண்கோணமாக இருப்பதும் இதனால்தான், ஏழு நாள் படைப்புக்கு அடுத்த எட்டாம் நாள், உயிர்ப்பின் நாள். உங்கள் கோயில் தொட்டிக்கு எத்தனை மூலை என்று போய்ப் பாருங்கள்.

இப்போது கேள்விகள். பாவத்தையும் சாத்தானையும் விட்டுவிடுவது பற்றி மூன்று, விசுவாசப் பிரமாணத்திலிருந்து மூன்று. பதில் ஒற்றை வார்த்தைதான், விட்டுவிடுகிறேன், விசுவசிக்கிறேன். இதற்கு என் யோசனை, முந்தின வாரம் ஒரு ராத்திரி, குழந்தை தூங்கியபின் கணவனும் மனைவியும் உட்கார்ந்து இந்த ஆறு கேள்விகளையும் ஒருவர் மற்றவரிடம் வாய்விட்டுக் கேட்டுப் பாருங்கள். எதை விட்டுவிடப்போகிறோம் என்று பெயர் சொல்லிப் பேசுங்கள். வட்டிக்கு விடுவதா, குடியா, மாமியார் வீட்டோடு உள்ள பகையா, சாதி பார்ப்பதா. கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் கிறிஸ்துவுக்குள் ஞானஸ்நானம் பெற்ற நீங்கள் எல்லாரும் கிறிஸ்துவை அணிந்துகொண்டீர்கள், யூதர் என்றும் கிரேக்கர் என்றும் இல்லை என்று கலாத்தியர் 3-ம் அதிகாரம் சொல்லியும், நம் ஊர்களில் ஒரே தொட்டியில் ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தனித்தனிக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்த வரலாறு இருக்கிறது. வடக்கன்குளத்துப் பழைய கோயிலில் சாதிக்கொரு பக்கமாகப் பிரிக்கச் சுவரே வைத்திருந்தார்கள்.

தண்ணீர் ஊற்றும் நேரம். குழந்தையை வைத்திருப்பவர் இடது முழங்கை மடிப்பில் கழுத்து தங்கும்படி, தலை தொட்டிக்கு மேல் கொஞ்சம் தாழ்ந்து, முகம் மேலே பார்க்கும்படி பிடிக்க வேண்டும். நெற்றியிலிருந்து பின்தலைக்குத் தண்ணீர் ஓடினால் மூக்கில் ஏறாது. மார்கழி, தை மாதமென்றால் வெதுவெதுப்பான தண்ணீர் வைக்க முடியுமா என்று கோயில் வேலைகளில் உதவும் உபதேசியாரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள், மறுக்கமாட்டார்கள். குரு பெயரைச் சொல்லி, தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன் என்று சொல்லி மூன்று முறை ஊற்றுவார். இந்தச் சொற்கள் மாறக் கூடாது. அமெரிக்காவில் பீனிக்ஸ் மறைமாவட்டத்தில் ஒரு குரு பல வருடம் "அளிக்கிறேன்" என்பதற்குப் பதில் "அளிக்கிறோம்" என்ற பொருளில் சொல்லி வந்தது 2022-ல் பெரிய செய்தியானது. அவர் கொடுத்த ஞானஸ்நானங்கள் செல்லாதவை என்று அறிவித்து, ஆட்களைத் தேடித்தேடித் திரும்பக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஞானஸ்நானம் கொடுப்பது கூடியிருக்கிற கூட்டம் இல்லை, குருவின் வழியாகக் கிறிஸ்துவே கொடுக்கிறார் என்பதுதான் அதற்குக் காரணம்.

உடனே உச்சந்தலையில் கிறிஸ்மா தைலம். ஒலிவ எண்ணெயில் பரிமளம் கலந்து, பெரிய வாரத்தில் ஆயர் தன் குருக்களோடு சேர்ந்து அர்ச்சிக்கும் தைலம் இது, வாசனையிலேயே தெரிந்துவிடும். குரு, இறைவாக்கினர், அரசர் என்று கிறிஸ்துவுக்குள்ள மூன்று பட்டத்திலும் இந்தப் பிள்ளைக்குப் பங்கு என்பது அதற்குரிய செபம். பாட்டி கைக்குட்டையை எடுத்து அழுத்தித் துடைக்க வருவார், கொஞ்சம் தடுத்துவையுங்கள். பிறகு வெள்ளாடை. பாஸ்கா திரியிலிருந்து (ஈஸ்டர் இரவில் ஏற்றும் பெரிய மெழுகுதிரி) பற்றவைத்த மெழுகுதிரியை அப்பாவோ ஞானத்தந்தையோ வாங்குவார், நைலான் சரிகை தொங்கும் குழந்தை உடையிலிருந்து அதை ஒரு கை தூரம் தள்ளிப் பிடியுங்கள். காதையும் வாயையும் தொட்டு "எப்பத்தா" (திறக்கப்படு) சொல்லும் பகுதி சில இடங்களில் இருக்கும், சில இடங்களில் இருக்காது. கடைசியில் பீடத்துக்கு முன் விண்ணுலகத் தந்தை செபம், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தனித்தனி ஆசீர். பீடத்துக்கு முன் கொண்டுபோவதும் காரணமாகத்தான், புதுநன்மைக்கு இந்தப் பிள்ளை திரும்பி வரவேண்டிய இடம் அது.

திரியை வீட்டில் வையுங்கள். வருடாவருடம் ஞானஸ்நான நாளன்று அதைக் கொளுத்தி ஒரு செபம் சொல்லலாம். திருத்தந்தை பிரான்சிஸ் கூட்டங்களில் உங்கள் ஞானஸ்நானத் தேதி எத்தனை பேருக்குத் தெரியும், வீட்டுக்குப் போய்க் கேளுங்கள் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். வகுப்பில் நானும் கேட்பதுண்டு, பெற்றோரிலேயே கை தூக்குகிறவர்கள் குறைவு.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கடன் வாங்கிப் போடாதீர்கள்.

அவசர நேரத்தில்

குழந்தை ஐசியூவில் இருக்கிறது, உயிருக்கு ஆபத்து என்றால் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். அப்பா, அம்மா, நர்ஸ், அந்த நர்ஸ் இந்துவாக இருந்தாலும் சரி, திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணம் இருந்தால் போதும். சாதாரணத் தண்ணீர் போதும், தீர்த்தம் தேவையில்லை. தலையில் கொஞ்சம் தண்ணீர் ஓடும்படி ஊற்றிக்கொண்டே, அதே நேரத்தில் பெயரைச் சொல்லி, "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். இன்குபேட்டரில் இருந்தால் டாக்டரிடம் கேட்டுச் சில துளிகள் தோலில் ஓடவிட்டால் சரி. குழந்தை பிழைத்துக்கொண்டால் பங்குத்தந்தையிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எண்ணெய், வெள்ளாடை, திரி எல்லாம் பிறகு கோயிலில் செய்வார்கள், தண்ணீர் மட்டும் திரும்ப ஊற்றமாட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு ஆரோக்கியமான பேரனுக்கு அடுப்படிக் குழாயில் ரகசியமாக ஊற்றிவிடும் பாட்டிமார் உண்டு. வேண்டாம் பாட்டி. ஆபத்து இல்லாத நேரத்தில் அதற்கு அனுமதி கிடையாது, அப்புறம் செல்லுமா செல்லாதா என்று ஃபாதர் உட்கார்ந்து விசாரிக்க வேண்டிவரும்.

ஞானஸ்நானம் பெறாமலே இறந்துபோன குழந்தையைப் பற்றி இன்னும் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அத்தகைய குழந்தைகளைத் திருச்சபை கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது, அவர்களுக்கும் மீட்பின் வழி உண்டு என்று நம்பலாம் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 1261-ம் எண். பங்குத்தந்தையிடம் அடக்கத் திருப்பலி பற்றிக் கேளுங்கள், தயங்காதீர்கள்.

பெரியவர்கள் பெறுவதென்றால்

வயது வந்தவருக்கு இது ஒரு நாள் காரியம் ஆகாது, பல மாதத் தயாரிப்பு உண்டு. வழக்கமாகப் பாஸ்கா இரவில் ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், நன்மை மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். கல்யாணத்துக்காக மட்டும் அவசரமாகக் கேட்டால் பல குருக்கள் தயங்குவார்கள், தயங்குவது நியாயம்தான். சிஎஸ்ஐ, லூத்தரன் போன்ற சபைகளில் தண்ணீரும் மூவொரு கடவுளின் பெயரும் சொல்லிப் பெற்ற ஞானஸ்நானம் செல்லும், அங்கிருந்து வருகிறவர்களுக்குத் திரும்பக் கொடுக்கமாட்டார்கள். இயேசுவின் பெயரால் மட்டும் என்று கொடுக்கும் சபைகளில் பெற்றது செல்லாது. பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்: 1950-ம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானால் அந்தச் சலுகை போய்விடும், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாறுவீர்கள். தலித் கிறிஸ்தவர்கள் பல பத்தாண்டுகளாகப் போராடுவது இதற்காகத்தான்.

பதிவேடு

சடங்கு முடிந்ததும் எல்லாரும் போட்டோவுக்கு ஓடுவார்கள், நீங்கள் ஒரு ஐந்து நிமிடம் பதிவேட்டுக்கு வாருங்கள். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர், ஞானப்பெற்றோர் பெயர், குருவின் பெயர், ஞானஸ்நானம் நடந்த இடம், தேதி எல்லாவற்றையும் வாசித்துப் பாருங்கள். இன்ஷியல், ஆங்கில எழுத்துக்கூட்டல் இரண்டும் முக்கியம். அந்தப் பெரிய புத்தகத்தில் உங்கள் பிள்ளைக்கு ஒதுக்கிய வரிசையில்தான் பிற்பாடு உறுதிப்பூசுதல், திருமணம், குருப்பட்டம் எல்லாம் குறிக்கப்படும். மதுரையில் ஞானஸ்நானம் பெற்றவர் சென்னையில் கல்யாணம் செய்தால் சென்னைப் பங்கிலிருந்து மதுரைக்குத் தகவல் போகும்.

ஆகவே எந்த ஊருக்குப் போனாலும் சான்றிதழ் கேட்க வேண்டியது ஞானஸ்நானம் பெற்ற அந்தப் பங்கில்தான். திருமணத்துக்குப் பழைய சான்றிதழ் ஆகாது, அண்மையில் எடுத்த நகல் கேட்பார்கள், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள். வேறெங்கும் திருமணம் பதிவாகவில்லை என்பதைப் பார்க்கத்தான் அது. பிறப்புச் சான்றிதழுக்கு இது மாற்றும் ஆகாது, 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை அரசுப் பிறப்புச் சான்றிதழ்தான். ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு எழுதும்போது முழுப்பெயர், பெற்றோர் பெயர், தோராயமான வருடம் மூன்றையும் கொடுங்கள், உபதேசியார் பழைய ஏடுகளைப் புரட்டுவதற்கு அது பெரிய உதவி.